ஒளியை வடிக்கும் கண்ணாடி

கொழும்பு மாநகரின் தெமட்டகொடைப் பகுதியில் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். புகையிரதத் தண்டவாளங்கள் பளபளக்கின்றன. கால்வாய் நீர் வானத்தைப் போலவே நீலமாகத் தோன்றுகின்றது. வேலியோரத்து வாழையிலைகள் பச்சை நிறத்தை இழந்து வெள்ளித் தகடுகள் போல மின்னுகின்றன. அக்காட்சியைப் படம் பிடிக்க விரும்பும் ஒருவர், தமது கமராவின் வில்லைக்கு முன்னால் மங்கலான சாம்பல் நிறக் கண்ணாடி வளையம் ஒன்றைப் பொருத்தி, அதை மெல்லத் திருப்புகின்றார். திருப்பத் திருப்ப, வாழையிலையின் வெண்மை கரைந்து பச்சை வெளிப்படுகின்றது. கால்வாயின் நீலமும் அவ்வாறே அகன்று, மண்நிறக் கலங்கல் நீரும் அதில் மிதக்கும் நீர்ப்பூண்டுகளும் தெரியவருகின்றன. தண்டவாளங்களோ முன்பு மின்னியது போலவே மின்னிக்கொண்டிருக்கின்றன.

மூன்று பளபளப்புகளில் இரண்டு மறைந்து ஒன்று எஞ்சியதேன்? மறைந்த பின் கண்ட காட்சி மெய்யா, அன்றிக் கண்ணாடி செய்த மாயமா? முதல் வினா பௌதிகத்தைச் சார்ந்தது. இரண்டாவது வினா நிழற்படக் கலைஞரிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கு. கமராக் கடைகளில் போலரைசர் என்ற பெயரால் விற்கப்படும் இக்கண்ணாடியின் வரலாறு இவ்விரண்டு வினாக்களையும் ஒருங்கே தழுவிச் செல்கின்றது.

இலங்கையின் இயற்கைக் காட்சிகளைப் படமாக்கியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரும் பணி ஆற்றியுள்ளனர். கொழும்பில் ஸ்கீன் நிறுவனத்தாரும், சார்ல்ஸ் ஸ்கோவனும் எடுத்த படங்கள் உலகின் பல நூலகங்களில் இன்றும் பேணப்படுகின்றன. கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன், 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படம் பிடித்தார். அப்படங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கல்லும் மரமும் நுணுக்கமாகப் பதிந்திருக்க, வானம் மட்டும் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். மேகமும் இல்லை, நீலமும் இல்லை.

இஃது அக்கலைஞர்களின் குறையன்று. அக்காலத்து ஈரக் கொலோடியன் தட்டுகள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்குவன. சிவப்பையும் பச்சையையும் அவை அரிதாகவே உணர்ந்தன. ஆகவே, நிலத்தின் உருவம் பதிவதற்கு வேண்டிய நேரத்துக்குள் நீல வானம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்து, படத்தில் வெண்மையாகிவிடும். மேல்நாட்டில் சிலர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். பிரான்ஸ் நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் கடலுக்கு ஒரு தட்டும் வானத்துக்கு வேறொரு தட்டும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். கண்டோர் வியந்தனர். ஆயினும் ஓரிடத்துக் கடலுக்கு வேறொரு வேளையின் வானத்தைக் கூரையாக இடுவது எவ்வளவு நேர்மையானது என்ற ஐயம் அன்றே எழுந்துவிட்டது.

1906ஆம் ஆண்டில், எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தன. அவற்றின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை வைத்தால் நீலம் தடைப்பட்டு வானம் கருமை பெறும்; மேகங்கள் எழுந்து நிற்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது போதுமானது. ஆனால் 1935இல் கொடாக்குரோமும், அதற்கு அடுத்த ஆண்டில் அக்ஃபா நிறுவனத்தின் வண்ணப் பிலிமும் வெளிவந்தபோது நிலைமை மாறியது. வண்ணப் பிலிமுக்கு முன்னால் மஞ்சட் கண்ணாடியை வைத்தால் வானம் மட்டுமன்றி, மனிதர் முகமும் வெண்சுவரும் மஞ்சளாகிவிடுமன்றோ? நிறத்தை மாற்றாமல் வானத்தை மட்டும் ஆழப்படுத்தக்கூடிய கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. அதற்கான அறிவு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுகச் சிறுகத் திரண்டுகொண்டிருந்தது.

அதன் தொடக்கம் 1669ஆம் ஆண்டைச் சாரும். கொப்பன்ஹேகன் நகரப் பேராசிரியர் எராஸ்மஸ் பார்த்தலின், ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்த ஒரு தெளிந்த படிகத்தினூடாக நோக்கினால் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தோன்றுவதை விவரித்து நூலெழுதினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. அதன்பின் 1808இல், பரிஸ் நகரிலே மாலுஸ் என்னும் பொறியியலாளர், மாலைச் சூரியனின் ஒளி எதிரேயிருந்த லக்சம்பேர்க் அரண்மனையின் சாளரங்களில் பட்டுத் தெறிப்பதை அத்தகைய படிகமொன்றினூடாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பியபோது, இரட்டையாகத் தெரிந்த சூரிய விம்பங்களுள் ஒன்று மங்கி மற்றொன்று பிரகாசித்தது. மேலும் திருப்ப, நிலை மாறியது. கண்ணாடியில் பட்டுத் தெறித்த மாத்திரத்தே ஒளியின் இயல்பு மாறிவிடுகின்றது என்பதை அவர் உணர்ந்தார்.

அவ்வியல்பை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துக் கதியால் வேலி உதவும். நெருக்கமாக நட்ட கதியால்களின் இடைவெளியூடாக ஒரு கயிற்றைச் செலுத்தி, ஒரு நுனியைக் கட்டிவிட்டு மறு நுனியை மேலும் கீழுமாக உதறினால் அலை வேலியைக் கடந்து செல்லும். பக்கவாட்டில் உதறினால் கதியால்கள் அதைத் தடுத்துவிடும். சூரியனிடமிருந்து நேரே வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. நீரிலோ, இலையிலோ, கண்ணாடியிலோ பட்டுச் சாய்வாகத் தெறிக்கும்போது, அப்பரப்புக்கு இணையான கிடை அதிர்வுகளே மிகுந்து எஞ்சுகின்றன. அத்தகைய ஒளிக்கு முன்னால் செங்குத்தான 'வேலி' ஒன்றை வைத்தால் தெறித்த ஒளி நின்றுவிடும். நீருக்குள்ளிருந்தும் இலைக்குள்ளிருந்தும் வரும் ஒளி ஊடுருவி வரும். உலோகமோ இரு வகை அதிர்வுகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தெறிப்பிக்கின்றது. தெமட்டகொடைத் தண்டவாளங்களின் மினுக்கம் எந்தத் திருப்பலுக்கும் மசியாமைக்கு இதுவே காரணம்.

மாலுஸ் இந்நிகழ்ச்சிக்கு இட்ட பெயர் சற்று விசித்திரமானது. ஒளி சிறு துகள்களாலானது என்றும், காந்தத்துக்குப் போல அத்துகள்களுக்கும் முனைகள் உண்டு என்றும் அவர் கருதினார். அதனால் முனையைக் குறிக்கும் சொல்லால் அதை அழைத்தார். ஒளி குறுக்கலை என்பதைப் பிரெனெல் பின்னர் நிலைநாட்டினார். கருத்து மறைந்தும் பெயர் மறையவில்லை. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் முனைவாக்கம் என்ற சொல் அப்பழைய பிழையையும் சுமந்தே வருகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் தளவிளைவு என்ற சொல், அதிர்வுகள் ஒரு தளத்துக்குள் அடங்குவதைச் சுட்டுவதால், பொருளுக்கு மேலும் நெருக்கமானது எனலாம்.

மாலுஸின் நண்பர் அராகோ, நீல வானத்தின் ஒளியும் இவ்வியல்பு உடையது என்று கண்டார். 1815இல் ஸ்கொட்லாந்து அறிஞர் டேவிட் பிரூஸ்டர், எந்தச் சாய்வில் தெறிப்பொளி முழுமையாக ஒரே தளத்துக்குள் அடங்கும் என்பதற்கு விதி வகுத்தார். நீரைப் பொறுத்தவரை, நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் நோக்கும்போது அது நிகழும். 1828இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கல், ஐஸ்லாந்துப் படிகத்தை அறுத்து ஒட்டி, இரு விம்பங்களுள் ஒன்றை வெளியே தள்ளிவிடும் பட்டகத்தை அமைத்தார். விரலளவேயான அப்பட்டகம் ஒளியை ஆராய்வோர் எல்லோரிடமும் இருந்தது.

அவ்வாறு அதை வைத்திருந்தவருள் ஒருவர், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன். 1921ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக அவர் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்றார். கடலின் நீலம் எதனால் ஆயது என்ற வினாவுக்கு அக்காலத்தில் ஆணித்தரமான விடை ஒன்று இருந்தது. வானம் நீலமாயிருப்பதன் காரணத்தை 1871இல் கணக்கிட்டுக் காட்டிய ரேலி பிரபுவே அவ்விடையைக் கூறியிருந்தார். ஆழ்கடலின் கருநீலத்துக்கும் நீரின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அது தெறித்துக் காணும் வானத்தின் நீலமே என்பது அவர் கருத்து. ரேலி பிரபு நோபல் பரிசு பெற்ற மேதை. அவருடைய சொல்லை மறுப்பது எளிதன்று.

நாடு திரும்பும் வழியில், நார்குண்டா என்னும் கப்பலின் மேற்றளத்தில் நின்று இராமன் கடலை நோக்கினார். அவர் கையில் ஆய்வுகூடம் இல்லை. நிக்கல் பட்டகமும் வேறு சில சிறு கருவிகளுமே இருந்தன. பிரூஸ்டர் வகுத்த சாய்வில் கடலைப் பார்த்து, பட்டகத்தைக் கண்முன் வைத்துத் திருப்பினார். வானத்தின் தெறிப்பொளி தடைப்பட்டது. ரேலி பிரபு கூறியது சரியாயின், கடல் அக்கணமே தன் நீலத்தை இழந்து கறுத்திருக்க வேண்டும். கறுக்கவில்லை. மாறாக, மேற்பரப்பின் போர்வை நீங்கியதும் நீருக்குள்ளிருந்து எழுந்த நீலம் முன்னிலும் செறிவாக ஒளிர்ந்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த செப்டெம்பர் மாதத்திலேயே, அக்கப்பலின் பெயரை முகவரியாக இட்டு, இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்கு அவர் கடிதம் எழுதினார்.

கடல்நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து நீலத்தைத் தருகின்றன என்பது இராமன் கொண்ட முடிபு. நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்கு அதில் மேலும் பெரிய பங்கு உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அடிப்படை வழக்கில் வென்றவர் இராமனே. கடலின் நீலம் வானத்திடம் இரவல் வாங்கியதன்று. கல்கத்தா திரும்பிய அவர் திரவங்களில் ஒளி சிதறுவதையே தொடர்ந்து ஆராய்ந்தார். அவருடைய மாணவர் குழுவில் கே. ஆர். இராமநாதன் 1923இல் ஒரு மங்கலான புதிய ஒளியின் சாயலைக் கண்டார். 1928 பெப்ரவரியில் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து இராமன் அதன் இயல்பை உறுதிப்படுத்தினார். அவ்வொளி வெறும் உடனொளிர்வு அன்று, உண்மையான சிதறலே என்று காட்டிய சான்றுகளுள் ஒன்று, அது முனைவாக்கப்பட்டிருந்தமையாகும். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று கடற்கரையில் நின்று வளையத்தைத் திருப்புகின்ற எந்தப் படக்கலைஞரும், இராமன் அன்று கப்பலில் செய்த சோதனையையே அறிந்தோ அறியாமலோ திரும்பச் செய்கின்றார். இக்கண்ணாடி நிறம் எதையும் சேர்ப்பதில்லை. பொருளின் மேற் படிந்த ஒளிப்போர்வையை விலக்குகின்றது. இதை மாயம் என்போர் இராமனின் சோதனையையும் மாயம் என்றே சொல்ல வேண்டிவரும். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ரேலி பிரபுவின் கூற்று மத்தியதரைக்கடலுக்குப் பொருந்தவில்லையாயினும், தெமட்டகொடைக் கால்வாய்க்கு முற்றிலும் பொருந்தும். அக்கால்வாயின் நீலம் முழுவதும் இரவல் நீலமே.

நிக்கல் பட்டகம் கமராவுக்கு உதவாது. வில்லை முழுவதையும் மூடத்தக்க தெளிந்த ஐஸ்லாந்துப் படிகத்துக்கு எங்கே போவது? இக்குறை தீர்ந்த கதை ஒரு மருந்திலிருந்து தொடங்குகின்றது. 1852இல் பிரிஸ்டல் நகர வைத்தியர் ஹெராபத், கொயினா மருந்து ஊட்டப்பட்ட நாயொன்றின் சிறுநீரில் தம் மாணவர் அயடீனைச் சேர்த்தபோது, பச்சை நிறச் சிறு படிகங்கள் தோன்றியதை ஆராய்ந்தார். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்த இடத்தில் அப்படிகங்கள் கறுத்துத் தெரிந்தன. கொயினாவும் அயடீனும் சேர்ந்த அப்பொருள், நிக்கல் பட்டகத்தின் வேலையைத் தாள்போன்ற மென்மையிலே செய்தது. ஆனால் படிகங்கள் மிகச் சிறியன, தொட்டால் உடைவன.

கொயினா என்றதும் மலைநாட்டு நேயர்களுக்குச் சின்கோனா மரம் நினைவுக்கு வரக்கூடும். 1861இல் ஹக்கலவில் தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டதே அம்மரத்தை வளர்ப்பதற்காகத்தான். கோப்பிச் செடிகளை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தபோது, தோட்டத்துரைமார் சின்கோனாவை நம்பினர். 1880களில் அதன் பட்டை பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. விலை வீழ்ந்ததும் அம்மரங்கள் தேயிலைக்கு இடம் விட்டன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கைகள் கோப்பி, சின்கோனா, தேயிலை என்று மூன்றையும் கண்டன.

உடையும் படிகத்தை உடையாத தகடாக்கியவர் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க இளைஞர். 1926இல் 17 வயதிலே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், எதிரே வரும் மோட்டார் வண்டியின் விளக்கொளி சாரதியின் கண்ணைக் கூசச் செய்யாதிருக்க வழி தேடினார். பெரிய படிகம் வளர்க்க முயன்ற மற்றவர்களுக்கு மாறாக, அவர் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு ஊசிப் படிகங்களை ஒரு பசையிலே கலந்து, அவற்றை ஒரே திசையில் அணிவகுக்கச் செய்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1930களின் நடுப்பகுதியிலே கொடாக் நிறுவனம் அத்தகட்டினாலாகிய வடிகளைக் கமராக்களுக்காக விற்கத் தொடங்கியது. 1937இல் போலரொயிட் என்னும் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே லாண்ட் கொயினாவைக் கைவிட்டு, இழுத்து நீட்டிய பிளாஸ்ரிக் தகட்டில் அயடீனை ஊட்டும் முறையைக் கண்டார். அம்முறையே இன்றைய வடிகளுக்கு அடிப்படை. மோட்டார் வண்டிகளோ அவருடைய கண்டுபிடிப்பை ஒருபோதும் ஏற்கவில்லை.

இவ்வடியைப் பயன்படுத்துவோர் முதலில் அறியவேண்டியது, வானத்தின் எந்தப் பகுதி இதற்கு இணங்கும் என்பதே. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானமே மிகுந்த முனைவாக்கம் உடையது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரித்து, சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கையைச் சுழற்றினால் பெருவிரல் காட்டும் வட்டமே அப்பகுதி. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை அளவே வடக்கே இருப்பதால், சூரியன் ஆண்டு முழுவதும் கிழக்கு மேற்கை ஒட்டியே எழுந்து விழுகின்றது. ஆகவே காலையிலும் மாலையிலும் வடக்கையோ தெற்கையோ நோக்கி எடுக்கும் படங்களிலேதான் வானம் ஆழ்ந்த நீலம் பெறும்.

காலிமுகத் திடலில் நின்று மேற்குக் கடலை நேரே நோக்குவோர் இதனாலேயே பெரும்பாலும் ஏமாற்றம் அடைகின்றனர். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னாலும், மாலையில் முகத்துக்கு எதிராகவும் நிற்பதால், எவ்வளவு திருப்பினாலும் அவ்வானம் மாறாது. வெள்ளவத்தையில், கடலோரப் புகையிரதப் பாதையை அண்டி நின்று, கரை நெடுகிலும் கோட்டைப் பக்கமாகவோ கல்கிசைப் பக்கமாகவோ நோக்கினால் வானமும் நீரும் ஒருங்கே வசப்படும். கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தை நீல வானத்தின்மீது எழுப்பிக் காட்ட விரும்புவோரும், அதற்குத் தெற்கே அல்லது வடக்கே இடம் தேடுதல் நன்று. ஏப்ரல் முதற்பகுதியில் சூரியன் நண்பகலிலே கொழும்பின் உச்சிக்கு வரும்போது, செங்கோண வட்டம் அடிவானத்தில் படிந்துவிடும். ஏட்டளவில் நாற்புறமும் நீலம் கிடைக்க வேண்டும். ஆனால் அம்மாதத்தின் ஈரப்புழுக்கமும் தூசும் சேர்ந்த மூட்டம் அப்பயனில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

வடி வாங்கும்போது விலையைவிட வகையைக் கவனித்தல் வேண்டும். இவற்றில் நேர்வகை, வட்டவகை என இரண்டுண்டு. 1960களின் நடுப்பகுதி முதல், வில்லைக்குள்ளே வரும் ஒளியை அரைக்கண்ணாடி ஒன்றால் பிரித்து அளக்கும் கமராக்கள் தோன்றின. 1985இல் மினோல்டா 7000 வந்த பின், தானே குவியும் கமராக்களும் பரவின. நேர்வகை அக்கண்ணாடிகளைக் குழப்பிவிடும். வட்டவகை, வடித்த ஒளியை மீண்டும் சுழலச் செய்து அனுப்புவதால் குழப்பம் எழாது. கண்ணாடியில்லாத இக்காலக் கமராக்களுக்குப் பொதுவாக எதுவும் ஏற்கும் என்றாலும், வட்டவகையே கடைகளில் எளிதிற் கிடைக்கின்றது. வெள்ளைத் தாளின்மீது பிடித்துப் பார்த்து, மஞ்சளோ பச்சையோ படியாத கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உள்ள வில்லைகளுள் மிகப் பெரியதற்கு ஏற்ற ஒன்றை வாங்கிச் சிறியவற்றுக்கு இடைவளையம் பொருத்துவது சிக்கனம். கொழும்பின் ஈரக்காற்று கண்ணாடிகளுக்கிடையே உள்ள தகட்டின் ஓரத்தைப் பற்றிப் பூஞ்சணம் ஊட்டவல்லது. உலர்த்தும் மணிகள் இட்ட பெட்டியில் வைத்தல் நன்று.

வடி பொருத்தினால் ஒளி மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறையும் என்பதையும், 28 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகல்கோண வில்லைகளில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும் என்பதையும் மறத்தலாகாது. வடியைப் பூட்டிய பின் எப்போதும் முழு அளவுக்குத் திருப்பிவிடும் பழக்கமும் நல்லதன்று. பேரை ஏரியில் சீமா மாலக்க மண்டபத்தின் நிழல் விழும் காட்சியில், தெறிப்பொளியை முற்றாக நீக்கினால் மண்டபம் ஒரு பச்சைக் குழம்பின்மேல் நிற்பதுபோலத் தோன்றும். அங்கு நிழலே காட்சி. கணினியில் வானத்தை எவ்வளவும் கருமையாக்கலாம் என்று கூறி இவ்வடியைத் துறப்போரும் இன்று உளர். வானத்தைப் பொறுத்தவரை அவர் கூற்று ஓரளவு உண்மை. தெறிப்பொளியால் மூடப்பட்ட இலையின் பச்சையும் நீரடிக் கூழாங்கல்லும் படத்தில் பதியவே இல்லையாயின், அவற்றை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. வேண்டுமாயின் ஊகித்து வரைந்து தரும்.

மாலை மழைக்குப் பின் கிழக்கு வானில், தெமட்டகொடைப் பக்கமாக எழும் வானவில்லுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். வானவில்லின் ஒளி மழைத்துளிகளுக்குள்ளே ஏறக்குறையப் பிரூஸ்டரின் சாய்விலேயே தெறித்து வருவதால், அது மிக வலிமையாக முனைவாக்கப்பட்டது. வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் அவ்வில்லின் அப்பகுதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானத்தில் கரைந்துவிடும். அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால், வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் துலக்கமாக மீண்டும் வந்து நிற்கும்.